பேச்சில்லாத எட்டுப் பக்கங்கள்

பெப்ரவரி 7, 2006. செவ்வாய்

குசினிக் குழாய் திரும்பவும் ஒழுகுகிறது. வீட்டுக்காரருக்கு மூன்று தடவை சொல்லியாயிற்று. மகள் எலிசா இன்று என்னோடு பேசியது நான்கு சொல். "ஓம்." "இல்லை." "சாப்பிட்டிட்டன்." எண்ணிப் பார்த்தால் மூன்றுதான்.

பெப்ரவரி 12, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஞானேந்திரன் அண்ணை கேட்டார், "பிள்ளை இப்பவும் பொம்மை கீறுறாவோ, மாக்கிரட்?" அவர் மேல் பிழையில்லை. வருடப் பிறப்பன்று விருந்துக்கு வந்தவர்களுக்கு முன்னால் அவளுடைய படக்கொப்பியைத் தூக்கிக் காட்டி, "இதைக் கீறிக்கொண்டிருந்தா சோறு வருமே?" என்று கேட்டது நான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். கொப்பியை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனவள், அதற்குப் பிறகு என்னோடு ஒழுங்காகக் கதைக்கவில்லை.

என்ரை மனுசன் தேவதாசன் இருந்திருந்தால் எனக்கு நல்ல ஏச்சு விழுந்திருக்கும். அவர் கண்ணை மூடி நான்கு வருடம். வீட்டில் இரண்டே பேர். அதில் ஒருத்தி வாயை மூடிக்கொண்டால் மற்றவள் சுவரோடா கதைப்பது?

பெப்ரவரி 18, சனி

எங்கள் வில்லரேப் பகுதி நூலகத்துக்குப் போனேன். அவள் விழுந்து விழுந்து வாசிக்கிற மங்கா என்ற யப்பான் படக்கதைகள் இரண்டு எடுத்தேன். அவளுக்குச் சொல்லவில்லை. பிரெஞ்சில்தான் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற கார்டரியின் சமையலறையில் பதினொரு வருடம் நின்ற எனக்குப் பிள்ளைகளை அதட்டுமளவு பிரெஞ்சு வரும். கதைக்கு அது போதாதா?

பெப்ரவரி 20, திங்கள்

மத்தியானம் கார்டரிப் பிள்ளைகள் நித்திரையானபிறகு புத்தகத்தைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே, "நிறுத்துங்கள், நீங்கள் முடிவிலிருந்து தொடங்குகிறீர்கள்" என்று பிரெஞ்சில் போட்டிருக்கிறது. புத்தகம்கூட எனக்கு ஏசுகிறது.

பின் அட்டைதான் முன் அட்டையாம். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போக வேண்டும். கட்டங்களும் அப்படியே, கட்டத்துக்குள் பேச்சும் அப்படியே. பத்துப் பக்கத்தில் தலை சுற்றியது. கேள்விக்கு முன்னால் பதிலை வாசித்துவிட்டு, இந்தப் பெட்டைக்கு என்ன விசரோ என்று யோசித்தேன்.

மார்ச் 5, ஞாயிறு

கண் பழகிவிட்டது. இது ஒரு சைக்கிள் கடைக்காரரின் மகளுடைய கதை. கன்னத்தில் ஒரு பெரிய வியர்வைத் துளி கீறியிருந்தால் அவளுக்கு வெட்கம், அல்லது சங்கடம். ஓடும்போது பின்னால் எல்லாம் வெறும் கோடு. ஆத்திரம் வந்தால் வீடும் இல்லை, தெருவும் இல்லை, முகம் மட்டும்தான். அது மெய்தானே? ஆத்திரத்தில் எனக்கும் சுற்றவர ஒன்றும் தெரிவதில்லை. வருடப் பிறப்பன்று அவளுடைய முகத்தைக்கூட நான் பார்க்கவில்லையே.

மார்ச் 19, ஞாயிறு

கட்டங்களைச் சுற்றியுள்ள வெள்ளை இடம் கறுப்பாக மாறினால் பழைய நினைவு என்று பொருள். எங்கும் எழுதிவைக்கவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். இதைச் சொல்ல ஒருவரும் இல்லை. சொல்ல வேண்டியவள் அடுத்த அறையில் இருக்கிறாள்.

ஏப்ரல் 10, திங்கள்

இன்று ஒரு பக்கத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன். தகப்பன் ஆசுபத்திரியில். மகள் கடைக்கு வருகிறாள். பேச்சே இல்லை. ஒரு கட்டத்தில் தொங்கும் சைக்கிள் சில்லு. அடுத்ததில் எண்ணெய்த் துணி. அடுத்ததில் அவளுடைய கை, துணியைத் தொடாமல். பிறகு யன்னலில் மழை. கதை ஒரு அடி நகரவில்லை; ஆனால் நான் கார்டரியில் இருந்து அழுதேன். உதவிக்கு நிற்கிற பிள்ளை வந்து "வெங்காயமா?" என்று கேட்டது. ஓம் என்றேன்.

ஒருவர் பேசாமல் இருக்கிற இடத்தை இவர்கள் இவ்வளவு பொறுமையாக வரைகிறார்கள். நான் அந்த இடத்தில் தட்டைக் கழுவி, சட்டியை அடித்து வைத்து, வானொலியைப் போட்டுவிடுவேன்.

மே 1, திங்கள்

வேலையால் வர மேசையில் ஒரு படிவம். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூக் கல்லூரியில் ஓவியம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. இங்கிருந்து போய்வர நாளுக்கு மூன்றரை மணித்தியாலம். அதனால் விடுதியில் தங்கப் போகிறாளாம். வயது பதினேழு, என் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள்.

படிவத்தின் மேல் ஒரு சின்னக் கொப்பி. அவள் கீறியது. எட்டுப் பக்கம், ஒரு சொல் இல்லை. இப்போதுதான் எனக்கு வாசிக்கத் தெரியுமே. பின்னாலிருந்து தொடங்கினேன்.

நானும் அவளும் ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிடுகிறோம், பக்கம் முழுக்க. பிறகு வாசலில் இரண்டு சோடிச் செருப்பு. பாதி திறந்த கதவு. தொலைபேசியைப் பிடித்த கை. ஒற்றைக் கட்டில் போட்ட அறை. பேருந்து யன்னல். பனிக்குள் பையோடு அவள். கடைசியில் குசினியில் என்னுடைய முதுகு. திரும்பியும் பார்க்காத முதுகு.

அவ்வளவுதான் கதை. ஒன்றாய்ச் சாப்பிட்டோம், போய்விட்டாள், முடிந்தது. அப்பிடியே விட்டிட்டுப் போறாளாம். இதைக் கீறி எனக்கே வைச்சிட்டுப் போறாளே, என்ன நெஞ்சு! படிவத்தைப் பைபிளுக்குள் வைத்துவிட்டேன்.

மே 3, புதன்

கையெழுத்து வைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

மே 4, வியாழன்

கேட்டாள். நான்கு மாதத்தில் முதல் முழு வசனம். "அம்மா, நாளைக்குக் கடைசி நாள், படிவம் எங்கை?"

"போறதெண்டாப் போ. விட்டிட்டுப் போறதை ஏன் எனக்குக் கீறிக் காட்டுறாய்?"

"விட்டிட்டுப் போறதோ?"

கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். "முதல் ஒண்டாச் சாப்பிடுறம். கடைசியிலை என்ரை முதுகு. எனக்கு விளங்காதெண்டு நினைச்சியோ?"

அவள் கொப்பியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எந்தப் பக்கத்தாலை பாத்தனீங்கள்?"

"வலப்பக்கத்தாலை. மங்கா அப்பிடித்தானே வாசிக்கிறது."

கதிரையில் இருந்துவிட்டாள். "உங்களுக்கு மங்கா வாசிக்கத் தெரியுமோ?"

"பத்தொன்பது புத்தகம் முடிச்சிட்டன்."

"அம்மா... இது உங்களுக்கெண்டு கீறினது. உங்களுக்குத் தெரியாதெண்டு நினைச்சு, நீங்கள் வாசிக்கிற பக்கத்தாலை கீறினனான். இடப்பக்கத்தாலை பாருங்கோ."

பார்த்தேன். முதலில் என் முதுகு. பனிக்குள் அவள். பேருந்து. அறை. தொலைபேசி. திறக்கிற கதவு. செருப்புகள். சாப்பாடு.

வாறாள். போறதில்லை, வாறாள்.

என்ரை ஆண்டவரே. வருடப் பிறப்பன்று செய்தது பிழை என்று சொன்னேன். முன்னமே சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு, "பத்தொன்பதோ?" என்று கேட்டுச் சிரித்தாள். கையெழுத்து வைத்தேன். மாக்கிரட் என்பது கோழி கிளறினது மாதிரி வந்தது.

ஓகஸ்ட் 20, ஞாயிறு

விடுதியில் விட்டுவிட்டு வந்தேன். கட்டில் சின்னது. யன்னலால் ஆறு தெரிகிறது. திரும்பி வரும்போது மெற்றோவில் ஒரு நிலையம் தாண்டிப் போய்விட்டேன்.

செப்டெம்பர் 13, புதன்

எலிசா போன் எடுத்தாள். சாப்பிட்டதைச் சொன்னாள். நான் குழாய் திருத்தியதைச் சொன்னேன். பிறகு சொல்வதற்கு இரண்டு பேரிடமும் ஒன்றும் இருக்கவில்லை. அவள் பக்கத்தில் பென்சில் உரசுகிற சத்தம் கேட்டது. நான் கதிரையை யன்னலடிக்கு இழுத்துப் போட்டு இருந்தேன். அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.