சித்தப்பாவின் நிஜப் பெயர்

முதலாளியம்மாவுக்கு உன் கடைத் தையல்காரன் அன்போடு எழுதுவது.

இங்கே நானும் இரண்டு மெஷின்களும் சுகம். உன் மெஷின் மட்டும் என் கால் பட்டால் முரண்டு பிடிக்கிறது. நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, உன் கடிதத்தைப் படித்துவிட்டேன். "என் மூளை கரைஞ்சு போச்சு. இனிமே அங்க வரமாட்டேன். நீங்க வேற ஆள் பாத்துக்கோங்க" என்று எழுதியிருக்கிறாய். கடைக்கு ஆளா, எனக்கு ஆளா என்று விளக்கமாக எழுதவில்லை. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். மாட்டேன்.

முதலில் கடைச் செய்தி. பொத்தான் தைக்கும் அக்கா, வாசலில் வாடிக்கையாளர் நிற்பதைக் கவனிக்காமல், "சித்தப்பா உடைஞ்சிட்டாரு, புதுசா ஒருத்தர எடுங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டார். வந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்தார். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். எல்லாம் நான் போட்ட சட்டத்தால் வந்த வினை. நீ போதையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, நூல் கோக்கிற சாமானை யாரும் அதன் பெயரால் சொல்லக் கூடாது, சித்தப்பா என்றுதான் சொல்ல வேண்டும் என்று வைத்தேன். அந்தப் பெயர் காதில் விழுந்தாலே நீ முழங்கை மடிப்பை மூடிக்கொள்வாய். எனக்கு அதைப் பார்க்கத் தாங்காது.

வங்கிக்காரரின் சட்டை உன்னை இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் என்று தெரியும். துணியைத் திருப்பிப் போடாமல் இரண்டும் இடது கையாகவே வெட்டிவிட்டாய். மறுபடி போதையைத் தேடிப் போய்விடுவேனோ என்று பயமாயிருக்கிறது என்று சொல்லி அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு பழைய மறுவாழ்வு இல்லத்துக்கே போய்விட்டாய். நான் அதே துணியில் வலது கை வெட்டித் தைத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார். மிஞ்சிய இடது கை, மேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. கடைக்கு ஒரு கையாள் இருந்தால் தேவலை என்று புலம்புவேனே, நீ கையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

இனி முக்கியமான விஷயம். உன் இல்லத்து டாக்டரம்மா போன் செய்தார். என்னிடம் பேச நீ சம்மதித்தாயாம், அதற்கே உனக்குப் பெரிய கும்பிடு. எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், தப்பிருந்தால் அவரிடமே கேட்டுக்கொள். பல வருடம் அந்தப் போதை மருந்தை ஏற்றிக்கொண்டவர்களுக்கு உடம்பில் ஹார்மோன் சுரப்பது தாறுமாறாகிவிடுவது உண்டாம். சில பெண்களுக்கு வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றுபோகுமாம். உனக்கு நின்றுபோனது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் குளிர்காலத்திலும் நீ போர்வையை உதைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தூக்கம் கெடுவது, சொல்ல வந்த வார்த்தை தொண்டையிலேயே நிற்பது, எழுதிய அளவு அடுத்த நிமிடம் மறப்பது, இதற்கெல்லாம் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார். இருக்கலாம் என்றுதான் சொன்னார், அடித்துச் சொல்லவில்லை. தைராய்டாக இருக்கலாம், பழைய மருந்து செய்துவிட்டுப் போன வேலையாகவும் இருக்கலாம். எது என்று தெரிந்தால் செய்வதற்கு வழி இருக்கிறதாம். தெரிந்துகொள்ள ரத்தம் எடுக்க வேண்டும். அதற்குத்தான் நீ கையை நீட்டமாட்டேன் என்கிறாயாம்.

காரணத்தையும் சொன்னார். சித்தப்பா தோலைத் தொட்டால் பழைய ஆசை முழித்துக்கொள்ளும் என்று பயப்படுகிறாய். இதில் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. நர்ஸ் எதையும் உன் கண்ணில் படாமல் வைப்பாராம். நீ வேறு பக்கம் திரும்பிக்கொள்ளலாம். முடிந்த பிறகு அன்று முழுக்க உன்னைத் தனியாக விடமாட்டார்கள். கூட ஒரு ஆள் இருக்கலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார். அடுத்த வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன்.

ரத்தத்தில் ஒன்றுமே தெரியாமல் போகட்டும். நீ ஆயுசுக்கும் இடது கையாகவே வெட்டிக்கொண்டிரு. துணியைத் திருப்பிப் போட நான் இருக்கிறேன். உன்னிடம் திட்டு வாங்காமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ இல்லாத வீட்டுக்குப் போகப் பிடிக்காமல், வேலை இல்லாதபோதும் கடையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இத்தனை நாள் வாய் தவறிக்கூடச் சொல்லாததை உனக்காக எழுதுகிறேன். ஊசி. ஒரே ஒரு ஊசி, கண்ணம்மா. எழுதிய பிறகு பார்த்தால் வெறும் இரண்டு எழுத்துதான்.

நர்ஸுக்கு எந்தக் கை வேண்டுமோ அதைக் கொடு. இன்னொன்றை என்னிடம் கொடு.

வியாழக்கிழமை உன் பக்கத்து நாற்காலியில் இருக்கப்போகும்,
உன் தையல்காரன்