பதினோரு வருஷம் வீட்டில் இருந்தேன்

8 ஜூன் 1998, திங்கள்

பாண்டி பஜார் கம்ப்யூட்டர் இன்ஸ்டிட்யூட்டில் முதல் வகுப்பு. உள்ளே எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். நான் போய் உட்கார்ந்ததும் முன்வரிசைப் பையன் திரும்பி, "ஆன்ட்டி, பேரன்ட்ஸ் எல்லாம் கீழ வெயிட் பண்ணணும்" என்றான். படிக்க வந்திருப்பதே நான்தான் என்றேன். சிரிப்பு. உடம்பெல்லாம் எரிந்தது.

இவன் ஒன்றாங்கிளாஸ் படித்தபோது நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் கோபோல் மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்நூறு பேருக்குச் சம்பளம் போட்ட புரோகிராம். சொல்லவில்லை. சொல்லி என்ன? மஹதி பிறந்ததும் விட்ட வேலை. "குழந்தைக்கு அம்மா வேண்டாமா?" என்று இவர் கேட்டார். அப்பா வேண்டாமா என்று திருப்பிக் கேட்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

11 ஜூன்

மவுஸ் கைக்கு அடங்கவில்லை. எங்கள் காலத்தில் இது கிடையாது. கோபத்தைக் கத்தரிக்காயிடம் காட்டினேன்.

19 ஜூன்

மயிலாப்பூரில் எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று ஒரு வெப் பக்கம் செய்தேன். கட்டம் கட்டமாக, அழகாக வந்தது. வாத்தியார் ஷாஹுல் ஹமீது அதையே நெட்ஸ்கேப் என்ற வேறொரு பிரவுசரில் திறந்து காட்டினார். ஒன்றுமில்லை. வெள்ளைத் திரை.

"கட்டத்துக்கான டேபிள் கோடை மூடாம விட்டுட்டீங்க மேடம்."

"அப்போ முதல்ல எப்படி வந்துது?"

"அந்த பிரவுசர் மன்னிச்சு விட்டுடும். இது விடாது."

தப்பு என்றால் தப்பு என்று சொல்லித் தொலையேன்! கோபோலில் ஒரு புள்ளி விட்டுப்போனால் எந்த வரி என்று சொல்லிக் கழுத்தைப் பிடிக்கும். இது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது, எங்காத்து மனுஷர் மாதிரி. ஆனாலும் கண்டுபிடித்துச் சரிசெய்தபோது, 12பி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் கால் வலிக்கவில்லை.

27 ஜூன்

இவர் பேங்க்கிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஸ்ரீனிவாசராகவன். அமெரிக்காவுக்கு ஆள் அனுப்புகிறவர். இரண்டாயிரம் பிறந்தால் பழைய புரோகிராம்களெல்லாம் தேதி குழம்பி நின்றுவிடுமாம், கோபோல் தெரிந்தவர்களை அங்கே வலைபோட்டுத் தேடுகிறார்களாம்.

இவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "ஹம்சா, உன்கிட்ட என்ன சொத்து இருக்குன்னு உனக்கே தெரியலை. எதுக்கு அந்த வெப்பு கிப்பெல்லாம்? நாம மூணு பேருமே கிளம்பிடலாம்."

இந்தச் சொத்தைப் பரணில் போடச் சொன்னது யார்? கேட்டேன். "அது அப்போ" என்றார். அவ்வளவுதான் பதில். அது அப்போ!

3 ஜூலை

ஸ்ரீனிவாசராகவன் போன் செய்தார். "ஈக்காட்டுத்தாங்கல்ல என் மச்சினன் கம்பெனி இருக்கு மேடம். எண்பத்தேழுலேர்ந்து அங்கதான் நீங்க வேலை பார்க்கறேள். யார் கேட்டாலும் அதான். பேப்பரெல்லாம் நான் பாத்துக்கறேன்."

எனக்குப் புரியவே சிறிது நேரம் ஆனது. இவரிடம் சொன்னேன். இவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது! "எல்லாரும் இப்படித்தான் போறா. வீட்ல சும்மா இருந்தேன்னு சொன்னா எவன் எடுப்பான்?"

சும்மா.



6 ஜூலை

உண்மையை எழுதுகிறேன். ஆசையும் இருக்கிறது. அமெரிக்கா, சொந்தச் சம்பளம், மஹதிக்குப் பெரிய பள்ளிக்கூடம். நேற்று முழுக்க அந்தப் பொய்யை மனப்பாடம் செய்தேன். இன்று இவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இன்டர்வியூ எடுப்பவர் மாதிரி கேட்டார்: "தொண்ணூத்தொண்ணுல என்ன பண்ணிண்டிருந்தே?"

"ஸ்டோர்ஸ் கணக்குக்கு புரோகிராம் எழுதினேன்."

"குட்" என்றார்.

தொண்ணூற்றொன்றில் நான் இவருடைய அப்பாவுக்குப் படுக்கைப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மஹதிக்கு நாலு வயது. ஒரு கையில் அவளுக்குச் சாதம், இன்னொரு கையில் அவருக்கு டெட்டால். இந்த மனுஷர் அதே வருஷத்தை என்னிடம் கேட்டு, பொய் சொன்னதும் "குட்" என்கிறார். பெத்த அப்பாவையே அழிச்சுட்டு குட்டா? என்ன ஜன்மம் இது!

9 ஜூலை

காலை ஏழு மணிக்கு அமெரிக்காவிலிருந்து போன். இவர் பக்கத்திலேயே நின்றார். முதல் பத்துக் கேள்விக்கும் நன்றாகவே பதில் சொன்னேன். எதுவும் மறந்துபோகவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். பிறகு அந்த ஆள், இப்போதைய கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டார்.

எனக்கு எந்தக் கம்பெனியும் இல்லை, பதினோரு வருஷம் வீட்டில் இருந்தேன், குழந்தையையும் நோயாளியையும் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டேன். நாக்கு குழறவில்லை.  அவர் மரியாதையாக நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? ஒரு வார்த்தை பொய் சொல்ல வரலையா?" இவர் கத்தியது எதிர்வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

நானும் கத்தினேன். "ஆத்துல இருந்தேன்னு சொல்றதுல உங்களுக்கு என்ன வெக்கம்? இருக்கச் சொன்னதே நீங்கதானே?"

இவர் பனியனோடு வாசலில் போய் நின்றார். மஹதி என்னைப் பார்த்துக்கொண்டே பால் குடித்தாள். அழுகை வரவில்லை. வகுப்புக்குப் போனேன்.

14 ஜூலை

பேச்சில்லை. காபியை மேஜையில் வைக்கிறேன். டம்ளர் காலியாகிறது.

22 ஜூலை

இன்னும் பேச்சில்லை. பேசாமல் இருக்க எனக்கும் தெரியும்.

20 ஆகஸ்ட்

ஷாஹுல் ஹமீது சொல்லி அனுப்பி, அடையாறில் ஒரு சின்ன ஆபீஸுக்குப் போனேன். வெப் பக்கம் செய்து தருகிறார்கள். இரண்டு அறை, நாலு கம்ப்யூட்டர். நடத்துவது விஜயலக்ஷ்மி, என்னைவிடச் சின்னவள். நடுவில் ஏன் இத்தனை வருஷம் என்று அவளும் கேட்டாள். சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள். "சரி, கம்மிச் சம்பளம்தான் தர முடியும். உங்களுக்கு இன்னும் வேகம் வரலை" என்றாள்.

வெடுக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது நிஜம். திங்களிலிருந்து வருகிறேன் என்றேன். வீட்டில் மஹதியிடம் சொன்னேன், இவர் காதில் விழும்படி.

17 நவம்பர், செவ்வாய்

காலையிலிருந்து ஒரு பட்டுச் சேலைக் கடைக்காரரோடு சண்டை. அரக்கு நிறம் திரையில் காவியாகத் தெரிகிறதாம். நேற்றும் அதே. சனிக்கிழமையும் அதே. "உங்க மானிட்டரை மாத்துங்க சார்" என்று போனிலேயே சொல்லிவிட்டேன். விஜயலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இப்போதெல்லாம் தேவைக்கு மட்டும் பேசுகிற இவர், மத்தியானம் ஆபீஸுக்குப் போன் செய்தார். வீட்டிலிருந்து.

"மஹதிக்கு ஜுரம். ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டா. அழைச்சுண்டு வந்துட்டேன். டாக்டரும் பார்த்தாச்சு, ரசஞ்சாதம் சாப்பிட்டுட்டுத் தூங்கறா."

"நான் இதோ கிளம்பி வரேன்."

"வேண்டாம். லீவு சொல்லிட்டேன். நீ வேலைய முடிச்சுண்டு வா."

போனை வைத்த பிறகு முதலில் நிம்மதி. அப்புறம்தான் கோபம் வந்தது. பேங்க்குக்கு ஒரு போன் பண்ணி லீவு சொன்னால் போதும். இவ்வளவு சுலபமா இது? எப்போதுமே இவ்வளவு சுலபமாகத்தான் இருந்ததா?

கிளம்பவில்லை. அரக்கைச் சரிசெய்துவிட்டு ஆறு மணிக்குத்தான் பஸ் ஏறினேன்.