வாயில் பூத்த வெள்ளை

1934 ஜூன் 12, செவ்வாய்
காலையில் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து கருப்பட்டிக் காப்பி கேட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்ன நாற்றம்! கல்யாணமான நாள் முதல் பழகிய புகையிலை நாற்றம் இல்லை, இது வேறு. விளக்கைப் பிடித்துப் பார்த்தேன் — தூங்கும்போதும் புகையிலையை அடக்கி வைக்கிற அந்த இடது கன்னத்தின் உள்ளே, மாங்காய் ஊறுகாயில் பூஞ்சணம் பூத்த மாதிரி வெள்ளை. சே! எனக்குக் காப்பி இறங்கவில்லை.

ஜூன் 14
வாய்ப்புண்தான், அக்கரம் என்றார் வைத்தியர். வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவ வேண்டுமாம். யார் தடவுவது? நான்தான். விரலில் துணி சுற்றித் துடைத்தேன். பிசுபிசுவென்று வந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் எழுதச் சாக்குக்கட்டி பிடிக்கும்போதுகூட விரலை முகர்ந்து பார்த்தேன்.

ஜூன் 25
வெள்ளை போய்விட்டது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, “பாத்தியா ஏட்டி, போச்சு. இதுக்குப் போயி ஆசுவத்திரியா?” என்றார். எனக்கும் நிம்மதிதான். ஊறுகாயில் மேலே பூத்ததை வழித்து எறிந்தால் அடி நன்றாகத்தானே இருக்கும்.
உடனே ஒரு துண்டுப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கினார். மனுஷனா இவர்?

ஜூலை 30
மறுபடி பூத்தது. துடைத்தேன். மறுபடியும். இன்று வெள்ளைக்கு அடியில் விரலில் கட்டியாகத் தட்டியது. ரத்தம் வேறு. ஆஸ்பத்திரி என்றாலே கத்தி வைப்பார்கள் என்று பயம் இவருக்கு. “அப்ப இப்பிடியே இரியும். நான் இனி தொடமாட்டேன்” என்று கத்திவிட்டேன்.

ஆகஸ்டு 6
ஒரு வழியாக ஆஸ்பத்திரிக்கு வந்தார். வெள்ளையாகத் தெரிவது பூஞ்சணம், வெங்காரத்துக்கு ஓடிவிடும். அடியில் இருப்பது புற்று, அது ஓடாது என்றார் டாக்டர். பூஞ்சணம் புற்றைக் கொண்டுவந்ததா, புற்று வந்த இடத்தில் பூஞ்சணம் குடியேறியதா என்று கேட்டேன்.
“அது இன்னும் யாருக்கும் தெரியாதும்மா.”
தெரியாதாம்! மேலே வழித்து வழித்து அடிக்கு நாள் கொடுத்தோம், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
நாளைக்கு வெட்டுகிறார்கள்.

ஆகஸ்டு 20
கன்னத்தில் பாதி இல்லை. ஊற்றுகிற கஞ்சியில் பாதி வெளியே வழிகிறது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றுகிறேன். உயிர் இருக்கிறது.

நவம்பர் 3
சபை டீக்கன் பொன்னுலிங்கம் வந்தார். வாசலிலேயே நின்று, மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினார். நாளைத் திருவிருந்தில் திராட்சரசப் பாத்திரம் முதலில் பெண்கள் பக்கம், பிறகு ஆண்கள், எல்லாரும் குடித்தபிறகு ராஜையன் சார். “சனங்களுக்கு அறப்பா இருக்கு, டீச்சர். வேற ஒண்ணுமில்ல.” தன் பேர் அடிபடுவதை இவர் உள்ளே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வராத அறப்பா, அருவருப்பா? ஆனால் அந்த மூக்கைப் பொத்திய துண்டைப் பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் எரிந்தது.

நவம்பர் 4, ஞாயிறு
பாத்திரம் என்னிடம் வந்தபோது குடிக்காமல் அடுத்தவளிடம் கொடுத்தேன். கடைசி பெஞ்சில் தனியாக இருந்தார் இவர். குடித்தார். கன்னத்து ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஒழுகியது. நான் எழுந்து ஆண்கள் பக்கம் போனேன். சபையே திரும்பிப் பார்த்தது. இவர் கையிலிருந்து வாங்கி மிச்சத்தைக் குடித்தேன். குமட்டியது. விழுங்கினேன்.
பொன்னுலிங்கத்திடம் பாத்திரத்தை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. மேசையில் வைத்துவிடச் சொன்னார்.
வைத்துவிட்டு, இவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.