நம்ம மலையில் தண்ணீர் நூறில் கொதிப்பதில்லை

என் அருள் கண்ணுக்கு,

நீ இருக்கும் இடம் குளிராத இடமாக இருக்கட்டும். இங்கே ஜெகதளாவில் மத்தியானமே மூடுபனி இறங்கி, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போனேன், சாமியார் சொன்ன ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. பயமாக இருக்கிறதுடா. அதை உன்னிடம் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரியாததா? குன்னூர் மார்க்கெட்டில் குரங்கைப் பார்த்தால் பையைப் போட்டுவிட்டு ஓடுகிறவள். நீ அதை வருகிற விருந்தாளிக்கெல்லாம் நடித்துக் காட்டுவாய். இது அந்தப் பயமில்லை. சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

முதலில் ஊர் நிலவரம். இலை விலை எழுந்திருக்கவே இல்லை. நம்ம ரோட்டில் உன் காலத்தில் ஓடிக்கொண்டிருந்த டீ ஃபேக்டரிகள் பாதி பூட்டிக் கிடக்கின்றன. பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று உன் மச்சான் நம்ம துண்டுத் தோட்டத்தைக் காடாக விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அங்கே சம்பளம் வருகிற மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. உன் மருமகள் ஷீபா கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். ஆக, இந்த வீட்டில் அடுப்பெரிவது என் ஃபேக்டரி ஆபீஸ் வேலையை நம்பித்தான். அந்த வேலைதான் இப்போது போகப்போகிறதோ என்னவோ.

எல்லாம் நீ மாட்டிய அந்தக் கருவியால் வந்தது. கோபப்படாதே, முழுக்கக் கேள்.

தூளைக் காயவைக்கிற டிரையரின் பழைய சூட்டு மீட்டர் பழுதாகி, புதிது வாங்க முதலாளிக்கு வழியில்லாமல் இருந்தபோது, நீதானே கையகல போர்டு ஒன்றில் அந்த இலவச மென்பொருளைப் போட்டாய்? சென்சாரை டிரையருக்குள் விட்டு, சூடு எவ்வளவு என்று ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே தெரிகிற மாதிரி செய்தாய். முகம் தெரியாத பலபேர் சேர்ந்து எழுதியது அது. "யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாங்க்கா. தப்பிருந்தா யாரு வேணும்னாலும் திருத்தியும் குடுக்கலாம்" என்பாய். எனக்கு அது நம்ப முடியாத சங்கதி. அதன் விளக்கப் பக்கங்களில் விட்டுப்போன ஒரு படி, மாற்றி எழுதிய ஒரு வயர் நிறம் என்று எதையாவது கண்டுபிடித்துத் திருத்தி அனுப்புவாய். ஏற்றுக்கொண்டார்கள் என்றால் அன்றைக்கு வர்க்கிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வருவாய்.

சென்சார் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் முறையும் அதே பக்கங்களில்தான் இருந்தது. ஐஸ் தண்ணீரில் வைத்து சைபர் என்று குறிக்க வேண்டும், கொதிக்கிற தண்ணீரில் வைத்து நூறு என்று குறிக்க வேண்டும். நீ அப்படியே செய்தாய். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுத்தது நான்.

அதற்குப் பிறகுதான் டீத்தூள் திரும்பி வர ஆரம்பித்தது. ஈரம் அடங்கவில்லை, மூட்டையைப் பிரித்தால் பூசண வாடை என்று. விலை கிடக்கிற கிடையில் திரும்பி வருகிற தூளை வைத்துக்கொண்டு ஒரு ஃபேக்டரி எப்படிப் பிழைக்கும்? கம்ப்யூட்டரில் பார்த்தால் சூடு சரியாகத்தான் இருந்தது. நீ போர்டைக் கழற்றி மாட்டினாய், வயரை மாற்றினாய், மறுபடி ஐஸ், மறுபடி கொதிநீர். அப்புறம் அந்தக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே, "எங்கியோ தப்புப் பண்ணிப்போட்டேன்க்கா" என்றாய். நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். வேறு எதையாவது பேசிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

நீ போன பிறகு கோயம்புத்தூரிலிருந்து மீட்டர் விற்கிறவர் ஒருவர் வந்தார். தன்னுடையதை டிரையரில் வைத்துக் காட்டினார். உன்னுடையது ஆறேழு டிகிரி கூட்டிக் காட்டுகிறது. அதாவது, உள்ளே அவ்வளவு சூடே இல்லை, தூள் அரைகுறையாகக் காய்ந்து வெளியே போயிருக்கிறது. முதலாளி எப்படியோ பணம் புரட்டி அந்த மீட்டரை வாங்கிவிட்டார், தூளும் சரியாகிவிட்டது. உன் கருவியைக் கழற்றி எறியச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை, கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தப்பு உன்னுடையதுதானா என்று பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம்.

மேட்டுப்பாளையத்தில் என் நாத்தனார் ரோஸி வீட்டுக்குப் போனபோதுதான் துணிந்து உன் லேப்டாப்பைத் திறந்து கருவியை அதில் மாட்டினேன். அவள் அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சென்சாரை விட்டேன். நூற்றைந்து என்று காட்டியது. கொதிநீரில் நூறு என்று உன் கையால் குறித்த கருவி, கொதிநீரில் நூற்றைந்து காட்டினால் என்ன அர்த்தம்? பக்கத்து அடுப்பில் பருப்பைக் கிண்டிக்கொண்டே ரோஸி என்னைக் கேலி செய்தாள்.

"ஏனுங்கண்ணி, உங்கூர்ல இந்நேரத்துக்குப் பருப்பு பாதிகூட வெந்திருக்காதில்லீங்க? குக்கர் இல்லீன்னா அங்க ஒண்ணுமே வேகாதுங்க. இங்க பாருங்க, சும்மா சட்டிலயே வெந்துபோச்சு."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அருள்! நம்ம உயரத்தில் தண்ணீர் தொண்ணூற்று நாலிலேயே கொதித்துவிடுகிறது. அந்தத் தொண்ணூற்று நாலைத்தான் நீ நூறு என்று குறித்தாய். பிறந்ததிலிருந்து வேகாத பருப்போடு மல்லுக்கட்டுகிற நம் இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை. அந்தப் பக்கத்தை எழுதியவர் ஏதாவது கடற்கரை ஊர்க்காரராக இருப்பார். அவர் ஊருக்கு அது சரிதான்.

நீ தப்புப் பண்ணவில்லை, கண்ணு. இதை உன் காதில் சொல்ல நான் எங்கே வருவது?

உன்னைப் போலவே திருத்தம் அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த கான்வென்ட் இங்கிலீஷில், மலையூர்களில் தண்ணீர் நூறுக்கு முன்பே கொதிக்கும், அவரவர் ஊரின் உயரத்துக்கு ஏற்ற அளவைக் குறிக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. அந்தப் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறவர் மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்: இதனால் உண்மையிலேயே எங்காவது பாதிப்பு வந்ததா? எந்த ஊர், எவ்வளவு உயரம்? மாட்டியவர் செய்த தவறாக இருக்கலாமா?

உலகமே பார்க்கிற பக்கத்தில் கேட்கிறார். முதலாளியிடம் சொல்லாமல் பதில் எழுதுவது முறையில்லை என்று போய்ச் சொன்னேன்.

"ஏனுங்கம்மணி, விளையாடறீங்களா? ஜெகதளான்னு எழுதுனா எந்த ஃபேக்டரின்னு கண்டுபுடிக்க எத்தன நேரமாகும்? அரைவேக்காட்டுத் தூள் வித்தோம்னு நாமளே தண்டோரா போடறதுங்களா? அப்பறம் எவன் நம்ம தூளத் தொடுவான்?"

"மத்த மலையில இருக்கறவங்களும் இதையேதானுங்க பண்ணிட்டிருப்பாங்க" என்றேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. உன் அடக்கத்தன்று மழையில் கடைசிவரை நின்றவர். அவருக்கும் பயம், முகத்திலேயே தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எழுதியே ஆகோணும்னா, மாட்டுனவர் சரியாப் பாக்காம உட்டுட்டார்னு எழுதிருங்க. ஒரு ஆளோட தப்புன்னு போயிரும். அருளுக்கு இனி என்னங்க ஆகப்போகுது? வேற மாதிரி எழுதுனீங்கன்னா, உங்கள ஆபீஸ்ல வெச்சிருக்க எனக்குத் தோதுப்படாதுங்க."

நான் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆமாம், சொல்லிவிட்டேன். உனக்கு இனி என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. ஷீபாவின் படிப்பு முடிகிறவரை, இலை விலை கொஞ்சம் எழுகிறவரை இந்தப் பழியை நீ தாங்கிக்கொள்ளமாட்டாயா என்று தோன்றியது. வேலை போகிறதைவிட, என் மனசு அவ்வளவு சுலபமாக அங்கே போய் நின்றதுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது.

மாட்டியவன் தப்பு என்று நான் எழுதினால் அவர்கள் பக்கத்தை ஏன் திருத்தப்போகிறார்கள்? அது அப்படியே கிடக்கும். எந்த மலையிலோ இன்னொருத்தன் கொதிநீரை நூறு என்று குறிப்பான். அவனும் தன் கையைத்தான் சந்தேகப்படுவான், உன்னைப் போல.

இப்போதுதான் பதிலை எழுதி அனுப்பினேன். இடம், நீலகிரியில் ஜெகதளா. மாட்டியவன் என் தம்பி. அவன் தவறு செய்யவில்லை, உங்கள் பக்கம் சொன்னதை வரிக்கு வரி செய்தான். பக்கம்தான் தவறு. கீழே என் முழுப் பெயரையும் போட்டேன். அனுப்பின கையோடு, "நீங்க சொன்ன மாதிரி எழுதலைங்க, மன்னிச்சுக்கங்க" என்று முதலாளிக்கும் ஒரு மெசேஜ் போட்டுவிட்டேன். அப்புறம்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். சும்மா இருந்தால் நெஞ்சு நின்றுவிடும் போலிருந்தது.

இனி என்ன ஆகும், தெரியவில்லை. வேலை போனால் ஷீபாவுக்கு என்ன சொல்வேன், தெரியவில்லை. ஃபேக்டரிக்கே ஏதாவது ஆனால் அத்தனை பேரின் முகத்தில் எப்படி விழிப்பேன், அதுவும் தெரியவில்லை. ஒன்றே ஒன்றுதான் உனக்குச் சத்தியம் பண்ணித் தர முடியும். உன் தலையில் பழியைப் போட்டு நான் ஒரு வாய் சோறு தின்னமாட்டேன்.

போன் அடிக்கிறது. முதலாளிதான். எடுக்கப்போகிறேன், கண்ணு. அவர் பேச ஆரம்பிப்பதற்குள் நான் சொல்லிவிட வேண்டும், என் தம்பி தப்புப் பண்ணலைங்க என்று.

பயந்துகொண்டே,
உன்னோடு கூடப்பிறந்த அக்கா
ஜெசிந்தா