மறுகரையில் நின்ற பிள்ளை

பெப்ரவரி 27, செவ்வாய்

சாப்பாட்டு மேசையில் அபிதா டெனிஷ் மொழியில் சொன்னாள், கோயிலில் பிஷப் கையால் உறுதிபூசுதல் எடுக்கமாட்டாளாம். ஏன் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். பதினான்கு வயது. ஹோர்சன்ஸ் நகரில் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒன்பது வருடமாக மறைக்கல்வி படிப்பிக்கிறவள் நான். என் பிள்ளையே—

அவளுடைய அப்பா ஸ்ரிபன், "விடும், அவள் தானாச் சொல்லுவாள்" என்றார். அவருக்கு எல்லாம் லேசு.

பெப்ரவரி 28

அவளுடைய தலையணைக்குக் கீழே ஒரு பழைய, தடித்த சிறுவர் புத்தகம். அட்டையில் சூனியக்காரி. இதுதான் பிள்ளையின் மனதைக் கெடுத்ததோ? கைப்பைக்குள் வைத்து வேலைக்குக் கொண்டுபோனேன். கேட்காமல் எடுத்தது சரியா? தாய்தானே.

மார்ச் 1, வெள்ளி

முதியோர் இல்லத்தில் இடைவேளைக்கு இடைவேளை வாசித்து முடித்தேன். பிழை பிடிக்கத்தான் தொடங்கினேன்.

ஒரு சிறுமி பயத்தில், தான் தப்புவதற்காகத் தன் தம்பி ஒளிந்திருந்த இடத்தைச் சூனியக்காரிக்குக் காட்டிக்கொடுக்கிறாள். தம்பியை மீட்டுவிடுகிறார்கள். அவளோ வெட்கத்தில் ஆற்றின் மறுகரை நாணலுக்குள் மறைந்திருக்கிறாள். ஊரார் அவளை விட்டுவிடச் சொல்கிறார்கள். ஓடக்காரன் மட்டும் புயலில் போகிறான். அவன்தான் அந்த நாட்டு அரசன். "ஏன் வந்தீர்கள்?" என்கிறாள். "நீ இன்னும் வரவில்லையே" என்கிறான். அவளைக் கரையேற்றிவிட்டு வெள்ளத்தோடு போய்விடுகிறான். மறுநாள் விடியலில் துறையில் ஓடம் நிற்கிறது, அவனும்.

கையுறையோடு அழுதேன். இதைவிட வேறென்ன சுவிசேஷம்?

மார்ச் 2, சனி

வகுப்பில் அந்தக் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். சின்ன நிறோஷினி, "ரீச்சர், இயேசு சொன்ன காணாமற்போன ஆடு!" என்று கத்தினாள். எனக்குப் பெருமை. பின்வரிசையில் அபிதா எழும்பி வெளியே போனாள்.

வீட்டில்:

"என்ர புத்தகத்தைக் களவெடுத்ததும் இல்லாம, அதைப் பாடமாக்கிப்போட்டியள். அந்தப் பிள்ளை ஆட்டுக்குட்டி இல்லை அம்மா!"

கதவை அடித்துச் சாத்தினாள். கடவுளிடம் கூட்டிப்போகப் போய், என்னிடமிருந்தே துரத்திவிட்டேனோ?

மார்ச் 3

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "கேக்காம எடுத்தது பிழை" என்றேன். வாங்கினாள்.

மார்ச் 5

பேச்சில்லை.

மார்ச் 6, புதன்

உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் இருந்தாள்.

"ஈடாவைப் பற்றிப் பொய்க் கதை எழுதினது நான்தான்."

ஈடா அவளுடைய வகுப்புத் தோழி. கார்த்திகையில் பள்ளிக்கூடத்தை விட்டு, பிராண்டே என்ற ஊரில் இருக்கிற தகப்பனிடம் போய்விட்டாள்.

"எல்லாரும் என்னைத்தான் நக்கலடிச்சவை. அவளைக் காட்டிக்குடுத்தா என்னை விட்டிடுவினம் எண்டு வகுப்பு குறூப்பில எழுதினன். விட்டிட்டினம். இப்ப நான் எப்பிடி பிஷப்புக்கு முன்னால போய் நிக்கிறது?"

நம்பிக்கை இல்லாமல் இல்லை. வெட்கம். நான் என்னவெல்லாம் நினைத்தேன்!

ஆண்டவர் மன்னிப்பார் என்று வாய் வரை வந்தது. அடக்கினேன்.

"என்ன செய்யப் போறாய்?"

"தெரியேல்லை. ஓடக்காரன் வந்தவன்தான். ஆனா, பிறகு அவள் தம்பியிட்ட என்ன சொன்னவள் எண்டு புத்தகத்தில இல்லை."

நானும் அதைக் கவனிக்கவில்லை. வகுப்பில் தம்பியின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

பிராண்டே, ஈடாவின் வீட்டடி. "நீங்கள் காரிலயே இருங்கோ" என்றாள். வீட்டுக்குள் ஈடா கூப்பிடவில்லை. இருவரும் வாசலிலேயே நின்றார்கள். மழை தூறியது. இறங்கிப்போய்க் குடை கொடுப்போமா? போகவில்லை. இருபது நிமிடம். செபம் ஒன்றும் ஒழுங்காக வரவில்லை.

வந்து ஏறினாள். "கோவமாத்தான் இருக்கிறாள்."

"ம்."

"பழைய வகுப்பு ஆக்களுக்கு உண்மையை எழுதச் சொன்னவள்."

"எழுதுவியோ?"

"எழுதிப்போட்டன். அவளுக்கு முன்னாலயே."

மார்ச் 14

பங்குத்தந்தை தொலைபேசியில் கேட்டார், உறுதிபூசுதல் பட்டியலில் அபிதாவின் பெயரைச் சேர்ப்பதா என்று. "அவளையே கேளுங்கோ ஃபாதர்" என்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். நான் குசினிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, இருந்த நாலு கோப்பையையும் கழுவினேன்.

அவள் பேசியதைக் கேட்காததுபோல் நடிக்கவில்லை. உண்மையாகவே கேட்கவில்லை.