சாம்பவிக்கு காஸ்ட்ரிக் இல்லை

வெள்ளவத்தை
03.06.2025

அன்புள்ள கிஷாந்த் அவர்களுக்கு,

கடிதம் கண்டு திகைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் எழுதினால், நீங்கள் வாசித்ததாக நீலச் சரி விழும். பிறகு பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. தபாலில் அந்தத் தொல்லை இல்லை.

நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று நான் பலகாரத் தட்டோடு அறைக்குள் திரும்பி ஓடியதற்கு, "பிள்ளைக்கு காஸ்ட்ரிக்" என்று அம்மா சமாளித்தார். எனக்கு காஸ்ட்ரிக் இல்லை, பதற்ற நோய். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இப்போதே சாகப் போகிறேன் என்று தோன்றும். மனநல டொக்டரிடம் போகிறேன், அவர் எழுதித் தந்த குளிசையும் எடுக்கிறேன். நம் வயதில் நிறையப் பேருக்கு இது இருக்கிறதாம். நான் நம்பவில்லை, ஆனால் அவரிடம் போனால் கூட்டத்தில் இருக்கக் கதிரை கிடைப்பதில்லை.

இதை மறைத்துக் கழுத்தை நீட்ட எனக்கு விருப்பமில்லை. உங்களைப் பிடித்திருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். வேண்டாமென்றால் வேண்டாமென்றே எழுதுங்கள்.

இப்படிக்கு,
சாம்பவி


கொட்டாஞ்சேனை
09.06.2025

அன்புள்ள சாம்பவிக்கு,

நான் எதற்கும் பதறாதவன், ஆகவே உமது கடிதத்தை நிதானமாகவே வாசித்தேன். பதிலை நாலு தரம் கிழித்து எழுதியது எழுத்துப்பிழைக்காக. அடுப்பை நிப்பாட்டினேனா என்று பார்க்க மருதானை வரை போன பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குத் திரும்புவதும் உண்டு. அது பொறுப்பு.

எனக்கு நீர்தான் வேண்டும். ஆனால் அம்மாவுக்குச் சொல்லாமல் விட முடியாது. பேச்சை முறித்துவிடுவாரோ என்று நித்திரையே இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்.

அன்புடன்,
கிஷாந்த்


வெள்ளவத்தை
12.06.2025

அன்புள்ள கிஷாந்த்,

உங்கள் கடிதம் இரண்டு வந்தது. இரண்டும் ஒரே கடிதம், ஒன்று பதிவுத் தபாலில். எதற்கும் பதறாதவர் என்று வாசித்து நெடுநேரம் சிரித்தேன்.

உங்கள் அம்மாவிடம் குளிசையையும் மறைக்க வேண்டாம். அவர் மாட்டேன் என்றால் நான் அழுவேன், ஆனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

சாம்பவி


கொட்டாஞ்சேனை
18.06.2025

என் அன்புள்ள சாம்பவி,

சொல்லிவிட்டேன், குளிசை உட்பட. அம்மா என்னையே மேலும் கீழும் பார்த்தார். எனக்குக் கைகால் எல்லாம் வியர்த்துவிட்டது. பிறகு, "அந்த டொக்டர் எங்க பாக்கிறவர் எண்டு பிள்ளையிட்டக் கேள்" என்றார். உம்மைப் பற்றி விசாரிக்கத்தான் கேட்கிறார் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாம்பவியைப் பற்றி டொக்டரிடம் என்ன கேட்கப் போகிறீர்கள் என்றேன்.

"அவவுக்கில்லையடா. உனக்கு."

இரண்டு நாள் ரோஷத்தில் அம்மாவோடு கதைக்கவில்லை. அவரோ அதைக் கவனியாமல் கலியாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த முறை டொக்டரைப் பார்க்கச் சனல் பண்ணிப் பதியும்போது எனக்கும் ஒரு நம்பர் எடும். உமக்குப் பக்கத்து நம்பராக இருக்கட்டும். தனியப் போக எனக்குப் பயமாக இருக்கிறது.

உமது,
கிஷாந்த்