அண்ணி கறந்த பால்

ஜூலை 21

இன்று காலையும் அரெத்திதான் கறந்தாள்.

நான் கொட்டகைக்குப் போனபோது வேலை பாதி முடிந்திருந்தது. அப்பா கம்பித் தடுப்பில் சாய்ந்து நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவாலயத்தில் பாட்டுக் கேட்கும்போது வருமே, அந்த முகம். என்னை அவர் கவனிக்கவே இல்லை. நான் சாணம் வாரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போனேன்.

எருமை புதிய கைக்கு எளிதில் சுரக்காது. எனக்கே முதல் கோடை முழுவதும் உதைதான் கிடைத்தது. இவளோ பிரேயுஸ் துறைமுகத்தில் செருப்புக்கடையில் நின்றவள். அண்ணன் யோர்தானிஸ் படகு வேலையை விட்டுவிட்டு இவளைக் கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு வந்தது போன குளிர்காலத்தில்தான். அதற்குள் மடியைக் கழுவத் தெரிகிறது, பாலை இறக்கத் தெரிகிறது. அப்பா “என் பொண்ணு” என்கிறார்.

என் பொண்ணு. அப்படியென்றால் நான் யார்?

ஜூலை 29

கிடைத்துவிட்டது. தெசலோனிகி, கால்நடை மருத்துவம். முதலாவதாக எழுதிய விருப்பமே.

அம்மா சுவரிலிருந்த மாதா படத்தை முத்தமிட்டாள், பிறகு என்னை, பிறகு மறுபடியும் படத்தை. அண்ணன் செரெஸ் வரை வண்டியில் போய்ப் பாலேடு வைத்த பூகாட்சா வாங்கி வந்தான், பெட்டி நிறைய, சூடு ஆறாமல். அரெத்தி என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தலைமுடியில் கொட்டகை வாசம். என் கொட்டகையின் வாசம்.

அப்பா ஒரு கோப்பை ட்சீபுரோ சாராயத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னார்: “இனி ஒரு கவலையும் இல்ல. நீ நிம்மதியாப் போ. எருமைங்கள அரெத்தி பாத்துக்குவா.”

நல்ல மனதோடுதான் சொன்னார். தெரியும். ஆனால் கடித்த பூகாட்சாவைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டேன். இடத்தைவிட்டு நான் எழுந்திருக்கக்கூட இல்லை, அதற்குள் நாற்காலி போய்விட்டது.

ஜூலை 30

பெயரைப் பதிந்துவிட்டு ஒரு வருடம் நிறுத்திவைக்கவும் வழி இருக்கிறதாம். சும்மா விசாரித்தேன். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 4

மாலை ஏரிக்கரைக்குப் போனேன். மந்தை முழுவதும் தண்ணீரில் கிடந்தது, மூக்குகள் மட்டும் வெளியே. நான் கூப்பிடுவதற்கு முன்பே யாரோ கூப்பிட்டார்கள். நாக்கை மேலண்ணத்தில் தட்டி, கடைசியில் இழுத்து — அது என் கூப்பாடு. பதினொரு வயதில் நானாகக் கண்டுபிடித்தது. அப்பாவுக்குக்கூட அந்த இழுப்பு சரியாக வராது.

அரெத்தி. முழங்கால் வரை சேற்றில் நின்று என் குரலில் கூப்பிடுகிறாள்.

ஸ்தாக்தி முதலாவதாக எழுந்து வந்தது. தாய் செத்ததும் நான் புட்டிப்பால் கொடுத்து, என் மேல்கோட்டைப் போர்த்தி வளர்த்த ஸ்தாக்தி. பிறந்தபோது சாம்பல் நிறம் என்று அந்தப் பெயரை வைத்ததும் நான். இப்போது நிறைசினை, வயிறு இரண்டு பக்கமும் ஆடுகிறது. நேராகப் போய் அரெத்தியின் இடுப்பில் நெற்றியைத் தேய்த்தது.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என்ன செய்ய?

ஆகஸ்ட் 7

எனக்குப் பொறாமை இல்லை. ஒரு நியாயம் வேண்டாமா என்றுதான்.

ஆகஸ்ட் 15

மாதா திருநாள். சதுக்கத்தில் லைரா வாசித்தார்கள். எப்போதும்போல அப்பாதான் ஆட்ட வரிசையின் தலையில். அவருக்கு அடுத்த இடம் என்னுடையது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கையைப் பிடித்துத்தான் ஆடுகிறேன்.

நான் இறைச்சித் தட்டுகளை மேசையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வட்டம் தொடங்கிவிட்டது. அப்பாவின் கையில் அரெத்தியின் கை. அவளுக்கு எங்கள் ஆட்டம் தெரியாது, கால் தப்புகிறது. ஒவ்வொரு தப்புக்கும் அப்பா சிரிக்கிறார், குனிந்து அவள் காலுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். யோர்தானிஸ் என்னைப் பார்த்து “வா, வா” என்று தலையசைத்தான். எங்கே வர? நடுவில் வெட்டிக்கொண்டா நுழைவது? வரிசையின் வாலில் போய்ச் சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டேன். இரண்டு சுற்றுகூட ஆடியிருக்க மாட்டேன். தலைவலி என்று சொல்லி வந்துவிட்டேன்.

இங்கே வரைக்கும் லைரா கேட்கிறது. நான் தெசலோனிகியில் எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும்போது இவள் என் அப்பாவோடு, என் எருமைகளோடு, என் சமையலறையில் — முடியாது. போக மாட்டேன். இப்போது போனால் திரும்பி வரும்போது நான்தான் விருந்தாளி.

ஆகஸ்ட் 16

சொல்லிவிட்டேன். மதியச் சாப்பாட்டில். ஒரு வருடம் தள்ளிப்போடப் போகிறேன், அப்பாவின் தோள்வலி தீரட்டும், சினை எருமைகள் ஈனட்டும், அடுத்த வருடம் நிதானமாகப் போகிறேன் என்று. கோவையாகத்தான் பேசினேன். ஒத்திகை பார்த்திருந்தேன்.

அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். “என் தோளுக்கும் உன் படிப்புக்கும் என்னம்மா சம்பந்தம்?”

அரெத்தி எழுந்து தட்டுகளை அடுக்கினாள், வேண்டியதைவிடக் கொஞ்சம் சத்தமாக. அவளுக்கு ஏன் கோபம்? சந்தோஷப்படுவாள், அல்லது சந்தோஷப்படுவதுபோல நடிப்பாள் என்று நினைத்திருந்தேன்.

பிறகு பாத்திரம் துடைக்கும்போது அம்மா, தலையைத் திருப்பாமலே: “உங்க அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதுக்கு நீ ஏண்டி படிப்பை விடற?”

துணியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அம்மாவுக்கு வாயில் கத்தி.

ஆகஸ்ட் 17

தோள்தான் காரணம். தோள்தான்.

ஆகஸ்ட் 26

எழுத முடியுமா தெரியவில்லை. கையை எத்தனை முறை கழுவினாலும் வாசம் போகவில்லை.

அப்பாவும் அண்ணனும் சோளம் அறுக்கப் போயிருந்தார்கள். அம்மா தயிர் கொடுக்க ஊருக்குள். மதிய வெயிலில் ஸ்தாக்தி தனியாகப் போய் வைக்கோல் மூலையில் நின்று முக்கத் தொடங்கியது. நானும் அரெத்தியும் மட்டும். பனிக்குடம் உடைந்து, இரண்டு குளம்புகள் தெரிந்தன. காத்திருந்தோம். குளம்புகளுக்குப் பின்னால் மூக்கு வர வேண்டும். வரவில்லை.

அரெத்தி, லாசரோஸைக் கூப்பிடட்டுமா என்றாள். லாசரோஸ் எங்கள் கால்நடை மருத்துவர், செரெஸிலிருந்து வர வேண்டும். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நான்தானே டாக்டருக்குப் படிக்கப் போகிறவள். நான்தானே ஸ்தாக்தியை வளர்த்தவள். இவள் முன்னால் போன் செய்து, வந்து காப்பாற்றுங்கள் என்பதா? கால்களில் கயிறு கட்டி, ஸ்தாக்தி முக்கும்போதெல்லாம் சேர்த்து இழுத்தேன். அப்பா அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். அரெத்தியையும் இழுக்கச் சொன்னேன். கொஞ்சம் இழுத்தவள் கயிற்றை விட்டுவிட்டாள்.

“சிமேலா, அது அழுவுது. கூப்பிடலாம்.”

“சொல்றேன்ல. வரும்.”

அவள் மூன்றாவது முறை கேட்கவில்லை. வெளியே போய்ப் போன் செய்தாள். அவள் குரல் கேட்டபோது எனக்கு வந்தது பயம் அல்ல, ஆத்திரம். அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். ஆத்திரத்தில் இன்னும் பலமாக இழுத்தேன்.

லாசரோஸ் வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு, கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு துழாவினார். கன்றின் தலை பின்பக்கம் திரும்பிக் கிடந்தது. நான் இழுக்க இழுக்க இன்னும் மடங்கியிருக்கிறது. உள்ளே தள்ளி, தலையைத் திருப்பி, வெகுநேரம் கழித்து எடுத்தார். கிடேரிக் கன்று. சாம்பல் நிறம். மூச்சு இல்லை.

வைக்கோலால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “தலை எங்க இருக்குன்னு பாக்காம யாரு காலை இழுத்தது?”

ஸ்தாக்தி திரும்பிக் கன்றை நக்கிக்கொண்டே இருந்தது. லாசரோஸ் அதற்கு உள்ளேயும் வெளியேயும் கிழிந்த இடங்களைத் தைத்தார். பிழைத்துக்கொள்ளும், மறுபடி சினை பிடிக்குமா என்று சொல்ல முடியாது என்றார்.

ஆகஸ்ட் 27

அப்பா கேட்டார், ஏன் முதலிலேயே கூப்பிடவில்லை என்று. சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாவிட்டால் இன்னும் மோசம்.

நான் பேசுவதற்குள் அரெத்தி முந்திக்கொண்டாள். “ரெண்டு பேருமே கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்னு இருந்துட்டோம், மாமா.”

ரெண்டு பேரும்!

அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இப்போது இதையும் சுமக்க வேண்டும். நல்லவள் என்ற பெயரும் அவளுக்கே.

சாப்பாட்டுக்குப் பிறகு நானே அப்பாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். “அவ அப்பவே உன்னை விட்டுக்கொடுக்காம பேசினா, கவனிச்சியா?” என்றார்.

அதிலும் அவள்தான்.

ஆகஸ்ட் 30

தள்ளிப்போடுவதாவது. வேண்டவே வேண்டாம். என் கையால் இன்னொரு பிராணி சாகக் கூடாது. சேரப்போவதில்லை. அம்மாவிடம் சொன்னேன். அவள் பதில் பேசாமல் பால் காய்ச்சப் போய்விட்டாள். அம்மா பேசாமல் போவது நான் பார்த்ததே இல்லை.

செப்டம்பர் 3

கொட்டகையில் ஸ்தாக்தியின் தையலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். அரெத்தி வந்து எதிரே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சேரப்போறதில்லையாமே.”

“உங்களுக்கென்ன அண்ணி?”

“எனக்குத்தான். வேற யாருக்கு?”

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஆனால் அழுகை இல்லை. கோபம்.

“நீ போகணும்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன். உன் நல்லதுக்குன்னு நினைக்காத. நீ இருக்கற வரைக்கும் நான் இந்த வீட்ல கடன் வாங்கின கரண்டி மாதிரி. உங்கப்பா என்கூட அவ்வளவு பேசறாரேன்னு உனக்கு எரியுது, எனக்கென்ன கண்ணு தெரியாதா? என்ன பேசறார்னு ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டியா? சிமேலா மடியை இப்படித்தான் துடைப்பா. சிமேலா வந்தா இது உதைக்காது. சிமேலா கூப்பிட்டா அக்கரையில இருந்தும் வரும். எட்டு மாசம், காது புளிச்சுப் போச்சு. அந்தக் கூப்பாட்டையும் அவர்தான் பழக்கினார். ‘இன்னும் இழு, அவ இன்னும் இழுப்பா’ன்னு. தொண்டை கட்டிப்போச்சு எனக்கு.”

கையில் மருந்துப் பஞ்சு.

“அப்படின்னா அன்னிக்கு ஏன் என்னைக் காப்பாத்தினீங்க?”

“உன்னைக் காட்டிக் கொடுத்தா நீ அவமானத்துல இங்கயே உக்காந்துடுவியேன்னுதான். சொல்லாமலும் உக்காந்துட்ட.”

சிரித்துவிட்டேன். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அவள் முதலில் முறைத்தாள், பிறகு அவளும். ஸ்தாக்தி இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்துவிட்டு அசைபோடத் தொடங்கியது.

சிரிப்பு நின்றதும் மெதுவாகச் சொன்னாள். “தலை எங்க இருக்குன்னு கையை விட்டுப் பாக்கறதை உனக்கு யாரும் கத்துக் கொடுக்கல, அவ்வளவுதான். எனக்கும்தான். யாராவது ஒருத்தர் போய்க் கத்துக்கிட்டு வரணும். எனக்கு அந்தப் பரீட்சையெல்லாம் வராது.”

அவளும் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தாள் — என்னைப் பார்த்து. இந்த வீட்டில், இத்தனை நாளாக. இது எனக்கு ஆறுதலாக இருக்கிறதா? வெட்கமில்லாமல் எழுதுகிறேன்: ஆமாம்.

செப்டம்பர் 9

பதிந்தாகிவிட்டது. நிறுத்திவைக்க மனு எதுவும் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 28

நாளைக்குப் பேருந்து. அப்பா பெட்டிக்குள் காவுர்மா இறைச்சி டப்பாக்களைத் திணித்து, மூடாது என்று தெரிந்தும் மூடப் பார்க்கிறார். அரெத்தி பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள். மூடிவிட்டது. அப்பா அவளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

சுருக்கென்றுதான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்டோபர் 19, தெசலோனிகி

அப்பா போன் செய்தார். பாதிப் பேச்சு மழை, மீதிப் பேச்சு அரெத்தி. நேற்று ஒன்று ஈன்றதாம், அதுவும் சிக்கலாம், அவள் ஆரம்பத்திலேயே லாசரோஸைக் கூப்பிட்டுவிட்டாளாம், தாயும் கன்றும் நலமாம். “உங்க அண்ணி கெட்டிக்காரி” என்றார்.

அந்தப் பழைய எரிச்சல். இருக்கத்தான் செய்கிறது. எங்கே போகும்?

அண்ணியிடம் கொடுங்கள் என்றேன்.

அப்பா கொஞ்சம் திகைத்திருக்க வேண்டும். செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், பிறகு அவள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். கன்று எப்படிக் கிடந்தது, முன்னங்காலா பின்னங்காலா, லாசரோஸ் எந்தக் கையை விட்டார், எந்தப் பக்கம் திருப்பினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் ஒவ்வொன்றையும் பார்த்து வைத்திருந்தாள். நான் காகிதத்தில் வரைந்துகொண்டே கேட்டேன்.

“இதெல்லாம் இந்த வருஷமே சொல்லித் தருவாங்களா?”

“இல்ல அண்ணி. இப்ப எலும்புதான்.”

“சீக்கிரம் படி,” என்றாள். “அடுத்த மாசம் இன்னும் ரெண்டு ஈனப் போகுது.”